படிக்கட்டு விளக்கில் ஒற்றையும் இரட்டையும்

ஒரு விளக்குக்கு ஒரே ஒரு சுவிட்ச் இருக்கும் வரையில், சுவிட்சின் நிலையும் விளக்கின் நிலையும் பிரிக்க முடியாதபடி ஒன்றோடொன்று கட்டுண்டிருக்கின்றன. இந்திய வீடுகளில் சுவிட்சின் கீழ்ப்பகுதி அழுந்தியிருந்தால் விளக்கு எரியும், மேற்பகுதி அழுந்தியிருந்தால் அணைந்திருக்கும் என்பது வழக்கம். மின்சாரம் போன இருட்டில்கூட, போர்டைக் கையால் தடவிப் பார்த்தே எந்த விளக்கு போட்டபடி விடப்பட்டிருக்கிறது என்று வீட்டார் சொல்லிவிடுகிறார்கள். படிக்கட்டுக்கு வந்தவுடன் இந்த எளிய உறவு போதாமல் போகிறது. மேலே ஏறப் போகிறவர் விளக்கைக் கீழே போட வேண்டும், ஏறி முடித்தபின் மேலே அணைக்க வேண்டும். இறங்கி வருகிறவருக்கு இது அப்படியே தலைகீழ். ஒருவர் ஏறிப் போய் அணைக்காமல் விட்ட விளக்கை வேறொருவர் கீழிருந்தே அணைக்கவும் வேண்டியிருக்கும். மறுமுனையில் கடைசியாக யார் என்ன செய்தார் என்பதை அறியாமலேயே, எந்த முனையில் நிற்பவருக்கும் தம் விரல் பட்டவுடன் விளக்கின் நிலையை மாற்றும் உரிமை வேண்டும் என்பதே இங்கு எழும் தேவை. வயர்மேன்கள் மாடிப்படி வயரிங் என்றும் ஸ்டேர்கேஸ் வயரிங் என்றும் சொல்லும் அமைப்பு இந்தத் தேவைக்குக் கிடைத்த விடையாகும். அது எவ்வாறு வேலை செய்கிறது என்பதையும், பிழையாகப் போடப்பட்டால் விளக்கு ஒழுங்காக எரிந்துகொண்டிருக்கும்போதே அந்த வீட்டில் ஆபத்து எவ்வாறு குடியிருக்கிறது என்பதையும் இவ்வுரை எடுத்துக்கொள்கிறது.

சாதாரணச் சுவிட்சுகள் இரண்டை வைத்தே இதைச் செய்துவிட முடியாதா என்ற கேள்வி இயல்பாக எழும். சாதாரணச் சுவிட்ச், அதாவது ஒருவழிச் சுவிட்ச், இரண்டே முனைகள் கொண்டது. உள்ளே ஒரு தொடுபுள்ளி சேரும் அல்லது பிரியும், அவ்வளவே அதன் வேலை. இத்தகைய இரண்டைத் தொடர் இணைப்பாக, ஒன்றின் பின் ஒன்றாக வைத்தால், இரண்டும் போடப்பட்டிருக்கும்போது மட்டுமே விளக்கு எரியும். கீழே உள்ளவர் அணைத்துவிட்டுப் போனால் மேலே உள்ளவர் தம் சுவிட்சை எத்தனை முறை தட்டினாலும் பயனில்லை. பக்க இணைப்பாக, இரண்டு தனித்தனிப் பாதைகளாக வைத்தால், ஏதேனும் ஒன்று போடப்பட்டிருந்தாலே விளக்கு எரியும். கீழே போட்டு ஏறியவர் மேலே அதை அணைக்கவே முடியாது. முதல் ஏற்பாட்டில் அணைத்தவர் கை ஓங்குகிறது, இரண்டாவதில் போட்டவர் கை ஓங்குகிறது. இரு முனைகளுக்கும் சம உரிமை என்பது இரண்டிலும் கிட்டவில்லை. எனவே சுவிட்சையே மாற்ற வேண்டியிருக்கிறது.

அந்த மாற்றுச் சுவிட்சுக்கு இந்தியாவில் டூ-வே சுவிட்ச், அதாவது இருவழிச் சுவிட்ச் என்று பெயர்; சுவிட்சை ஆளி என்று சொல்லும் இலங்கைத் தமிழ் வழக்கில் இது இருவழி ஆளி. வெளித்தோற்றத்தில் மற்றச் சுவிட்சுகளிலிருந்து இதைப் பிரித்தறிய முடியாது. போர்டைக் கழற்றிப் பின்புறத்தைத் திருப்பினால்தான் இரண்டுக்குப் பதில் மூன்று திருகு முனைகள் தெரியும். அவற்றுள் ஒன்று பொது முனை. வயர்மேன்களின் பேச்சில் காமன். உள்ளே, இந்தக் காமனோடு இணைந்த ஒரு சிறிய உலோக நாக்கு, துலாக்கோல்போல நடுவில் தாங்கப்பட்டு, அடியில் ஒரு சுருள்வில்லால் உந்தப்பட்டு நிற்கிறது. சுவிட்சின் ஒரு பக்கத்தை அழுத்தினால் நாக்கு நடுக்கோட்டைத் தாண்டிய கணத்தில் வில் அதைச் சட்டென்று மறுபக்கம் தள்ளிவிடுகிறது. நாக்கு ஒரு முனையை விட்டு மற்றொரு முனையைப் பற்றிக்கொள்கிறது. இந்த ஒற்றைத் தாவலே "டக்" என்ற ஓசையாகக் காதில் விழுகிறது. அழுத்தும் விரல் மெதுவாக நகர்ந்தாலும் தொடுபுள்ளி விரைந்து பிரிய வேண்டும், இல்லையெனில் இடைவெளியில் தீப்பொறி நீண்டு நின்று உலோகத்தைக் கருக்கிவிடும் என்ற அறிவு மிகப் பழையது; இங்கிலாந்தின் நியூகாசில் நகரைச் சேர்ந்த ஜான் ஹென்றி ஹோம்ஸ் 1884-இல் விரைந்து பிரியும் சுவிட்சை உருவாக்கியது இதற்காகத்தான். இருவழிச் சுவிட்சில் கவனிக்க வேண்டியது, அதன் நாக்குக்கு ஓய்வுநிலை என்று ஒன்று இல்லை என்பதே. அது எப்போதும் இரண்டில் ஒரு முனையைத் தொட்டுக்கொண்டே இருக்கிறது. "ஆன்", "ஆஃப்" என்ற சொற்கள் அதற்குப் பொருந்துவதில்லை.

இணைக்கும் முறை இதுதான். மின்சாரத்தைக் கொண்டுவரும் உயிருள்ள கம்பியாகிய பேஸ், கீழ்ச் சுவிட்சின் காமனில் சேர்கிறது. மேல் சுவிட்சின் காமனிலிருந்து ஒரு கம்பி விளக்குக்குப் போகிறது. விளக்கின் மறுமுனை, மின்னோட்டம் திரும்பிச் செல்லும் கம்பியாகிய நியூட்ரலோடு நேரே இணைகிறது. இரு சுவிட்சுகளிலும் எஞ்சியிருக்கும் இரண்டிரண்டு முனைகளை இரண்டு கம்பிகள் ஒன்றோடொன்று இணைக்கின்றன. சுவிட்சுகளுக்கு இடையே ஓடுவதால் இவற்றை இடைக்கம்பிகள் என்று சொல்வது இவ்வுரைக்குப் போதும். கீழ்ச் சுவிட்சின் நாக்கு பேஸை முதல் இடைக்கம்பியில் ஏற்றி அனுப்புகிறது என்றால், மேல் சுவிட்சின் நாக்கும் அதே முதல் இடைக்கம்பியைத் தொட்டிருந்தால் விளக்கு எரிகிறது. அது இரண்டாவதைத் தொட்டிருந்தால் பேஸ் முதல் கம்பியின் மறுகோடிவரை வந்து வழியின்றி நிற்கிறது. இரு நாக்குகளும் ஒரே கம்பியில் இருந்தால் ஒளி, வெவ்வேறு கம்பியில் இருந்தால் இருள். இரண்டு சுவிட்சுகளுக்கும் சேர்த்து மொத்தம் 4 நிலைகள். அவற்றில் 2 எரியும் நிலைகள், 2 அணையும் நிலைகள். எந்த நிலையிலிருந்தும் ஏதேனும் ஒரு சுவிட்சை ஒருமுறை மாற்றினால் மற்ற வகை நிலைக்கே போய்ச் சேர வேண்டும்.

பெயரைப் பற்றி இங்கே ஒரு சொல் தேவைப்படுகிறது. இந்தியாவிலும் பிரிட்டனிலும் இருவழிச் சுவிட்ச் எனப்படும் இதே பொருளுக்கு அமெரிக்காவில் மூவழிச் சுவிட்ச் என்று பெயர். இங்கே எண்ணப்படுவது மின்னோட்டம் போகக்கூடிய வழிகள், அங்கே எண்ணப்படுவது திருகு முனைகள். அமெரிக்கப் படங்களைப் பார்த்துத் தாமாகவே வேலை செய்ய முற்படுவோர் கடையில் தவறான பொருளைக் கேட்டு வாங்குவதற்கு இந்தப் பெயர்க் குழப்பமே பல நேரங்களில் காரணமாகிறது.

தமிழ்க் குழந்தைகள் புளியங்கொட்டைகளைக் கைக்குள் மூடிக்கொண்டு "ஒற்றையா, இரட்டையா" என்று கேட்டு விளையாடும் விளையாட்டில், கையில் எத்தனை கொட்டை இருக்கிறது என்பது பொருட்டே இல்லை. ஒரு கொட்டையைச் சேர்த்தாலும் எடுத்தாலும் விடை தலைகீழாகிவிடும் என்பதுதான் அதன் உயிர். மாடிப்படி விளக்கின் கணக்கும் முற்றிலும் இதுவே. விளக்கு அணைந்திருந்த ஒரு பொழுதிலிருந்து, இரு முனைகளிலும் சேர்த்து இதுவரை எத்தனை தட்டல்கள் நடந்தன என்று எண்ணினால், ஒற்றைப்படையானால் விளக்கு எரிகிறது, இரட்டைப்படையானால் அணைந்திருக்கிறது. எந்தத் தட்டலை யார், எந்த முனையில், எந்த வரிசையில் செய்தார் என்பது கணக்கில் வருவதேயில்லை. படிக்கட்டுச் சுவிட்சைத் தடவிப் பார்த்து விளக்கின் நிலையை ஏன் சொல்ல முடியாது என்பதற்கும் இதுவே காரணம். கைக்குள் இருக்கும் கொட்டைகளில் ஒன்றை மட்டும் பார்த்து மொத்தம் ஒற்றையா இரட்டையா என்று எப்படிச் சொல்ல முடியும்?

இந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டால், மூன்றாவது இடத்திலிருந்தும் அதே விளக்கை இயக்க வேண்டும் என்னும்போது என்ன செய்ய வேண்டும் என்பது தானாகவே புலப்படுகிறது. இரண்டு மாடி வீட்டில் நடு மாடியில் நிற்பவருக்கும் சம உரிமை வேண்டும். நீண்ட நடையின் இரு முனைகளுக்கும் நடுவில் அறைக்கதவு இருந்தால் அங்கும் வேண்டும். நடுவில் வரும் சுவிட்ச் செய்ய வேண்டிய வேலை ஒன்றே: ஒவ்வொரு தட்டலிலும் ஒற்றையை இரட்டையாக்கி, இரட்டையை ஒற்றையாக்குவது. அதற்கு இரண்டு இடைக்கம்பிகளையும் நேராகவோ குறுக்காகவோ மாற்றி இணைத்தால் போதும். ஒரு நிலையில் முதல் கம்பி முதல் கம்பியோடும் இரண்டாவது இரண்டாவதோடும் சேர்கின்றன. மறுநிலையில் முதல் கம்பி இரண்டாவதோடும் இரண்டாவது முதல் கம்பியோடும் பின்னலிட்டுச் சேர்கின்றன. நான்கு முனைகள் கொண்ட இந்தச் சுவிட்சுக்கு இன்டர்மீடியட் சுவிட்ச், அதாவது இடைநிலைச் சுவிட்ச் என்று பெயர். நான்காவது, ஐந்தாவது இடங்கள் வேண்டுமென்றால் இரு கோடிகளிலும் இருவழிச் சுவிட்சுகளை அப்படியே வைத்துக்கொண்டு, நடுவில் இடைநிலைச் சுவிட்சுகளை மட்டும் கூட்டிக்கொண்டே போகலாம். 3 சுவிட்சுகளுக்கு 8 நிலைகள், 4 சுவிட்சுகளுக்கு 16 நிலைகள். எத்தனை ஆனாலும் சரிபாதி ஒளி, சரிபாதி இருள்.

வீட்டுச் சுவரில் புதைந்து கிடக்கும் இந்தப் பின்னல் கணிப்பொறியின் வரலாற்றோடும் உறவுடையது. அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் கிளாட் ஷானன் 1937-இல் தம் முதுகலைப் பட்டத்துக்காக எழுதி, 1938-இல் அச்சான ஆய்வு, சுவிட்சுகளும், மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்சுகளாகிய ரிலேக்களும் கொண்ட சுற்றுகளைத் தருக்க இயற்கணிதத்தால் எழுதிக் கணக்கிடலாம் என்று நிறுவியது. இன்றைய எண்முறைச் சுற்றுகளின் வடிவமைப்புக்கு அதுவே அடித்தளம். ஒற்றையா இரட்டையா என்று பார்க்கும் சார்பு அந்த ஆய்வில் தனிக் கவனம் பெறுகிறது. தொடுபுள்ளிகளை எண்ணினால் அதன் காரணம் விளங்கும். மூன்று சுவிட்சுகளின் ஒற்றை இரட்டைக் கணக்கை, ஒவ்வொரு வாய்ப்பையும் தனித்தனிக் கிளையாக விரித்து எழுதினால் 10 தொடுபுள்ளிகள் தேவைப்படுகின்றன. நான்குக்கு 22 ஆகிறது. ஒவ்வொரு சுவிட்ச் கூடும்போதும் தொகை ஏறக்குறைய இரட்டிக்கிறது. ஆனால் கம்பிகளைக் குறுக்காகப் பின்னும் முறையில், இரு கோடிகளிலும் இரண்டிரண்டு, நடுவில் வரும் ஒவ்வொன்றிலும் நான்கு என்று, மூன்று சுவிட்சுகளுக்கு 8, நான்குக்கு 12 போதும். தொழிற்பயிற்சி நிலையத்து மாணவர் மரப்பலகையில் ஆணியடித்துப் பழகும் அந்த எளிய பின்னல், கணித நோக்கில் அத்தனை சிக்கனமானது.

சுவருக்குள் கம்பிகளை எப்படிக் கொண்டுபோவது என்பதில் இரண்டு வழிகள் இருக்கின்றன. மேலே சொன்னது முதல் வழி. அதில் இரு போர்டுகளுக்கும் இடையே இரண்டே கம்பிகள் ஓடும், பேஸ் ஒரு போர்டுக்கும் விளக்குக் கம்பி மற்றொரு போர்டுக்கும் வரும். புதிதாகக் கட்டும் வீட்டில் இதுவே பொருத்தம். ஏற்கெனவே ஒரே சுவிட்ச் உள்ள இடத்தில் இன்னொன்றைக் கூட்டவேண்டும் என்றால், விளக்குக்குப் போகும் பைப்பைத் தொடாமல் முடிக்க வேறொரு வழி உதவுகிறது. பழைய போர்டில் இருவழிச் சுவிட்சை வைத்து, அங்கே ஏற்கெனவே இருக்கும் பேஸை அதன் ஒரு பக்க முனையிலும் விளக்குக் கம்பியை மறு பக்க முனையிலும் சேர்த்து, புதிய போர்டுக்கு மூன்று கம்பிகளை இழுத்து, பக்க முனைகளைப் பக்க முனைகளோடும் காமனைக் காமனோடும் இணைத்துவிடுகிறார்கள். இம்முறையில் இரு நாக்குகளும் ஒரே பக்கம் இருந்தால் இருள், எதிரெதிர்ப் பக்கம் இருந்தால் ஒளி, கணக்கு மாறவில்லை. ஒரு கம்பி கூடுதலாகிறது என்றாலும், பேஸும் விளக்குக் கம்பியும் ஒரே இடத்தில் இருப்பதால் பின்னாளில் பழுது பார்ப்பவருக்கு இது தெளிவாக இருக்கும்.

இனி வருவது அழுத்திச் சொல்ல வேண்டிய பகுதி. ஒருவழிச் சுவிட்சை அணைத்தால், அதற்கு அப்பால் உள்ள கம்பி உயிரிழக்கிறது. மாடிப்படி அமைப்பில் அப்படி இல்லை. இரண்டு இடைக்கம்பிகளில் ஏதேனும் ஒன்று, விளக்கு எரிந்தாலும் அணைந்திருந்தாலும், எந்நேரமும் 230 வோல்ட் மின்னழுத்தத்தைத் தாங்கிக்கொண்டே இருக்கிறது. எது என்பது பேஸ் வந்து சேரும் சுவிட்சின் நிலையைப் பொறுத்து மாறும். ஆகவே விளக்கை அணைத்துவிட்டோம் என்ற நம்பிக்கையில் படிக்கட்டுப் போர்டைக் கழற்றுவதைப் போன்ற பிழை வேறில்லை, மின்பகிர்வுப் பெட்டியாகிய டி.பி.யில் அந்தச் சுற்றைத் துண்டிக்கும் எம்.சி.பி.யை இறக்கிய பிறகே அதைத் தொட வேண்டும்.

சுவிட்சுகள் பேஸில் மட்டுமே இருக்க வேண்டும், நியூட்ரல் எங்கும் தனியாகத் துண்டிக்கப்படாமல் நேரே விளக்குக்குப் போக வேண்டும் என்பது பழமையான விதி. 1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளின் 32-ஆம் விதி, புவியோடு இணைந்த நியூட்ரல் கம்பியில் தனிச் சுவிட்சோ ஃபியூசோ வைக்கக் கூடாது, பேஸையும் சேர்த்து ஒரே அசைவில் துண்டிக்கும் இணைச் சுவிட்சுக்கு மட்டுமே அங்கு இடம் என்று சொன்னது. பின்வந்த பாதுகாப்பு ஒழுங்குமுறைகளும் அந்தக் கொள்கையைத் தொடர்கின்றன. இந்த விதியை மீறியும் விளக்கை எரிய வைக்கலாம் என்பதில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. கம்பியை மிச்சப்படுத்த நினைப்பவர்கள் இரு போர்டுகளிலும் பக்கத்தில் ஓடும் பேஸையும் நியூட்ரலையும் எடுத்து, ஒவ்வொரு சுவிட்சின் இரு பக்க முனைகளிலும் அவற்றைக் கொடுத்து, இரு காமன்களுக்கும் நடுவே விளக்கை மாட்டிவிடுகிறார்கள். ஒரு காமன் பேஸிலும் மற்றது நியூட்ரலிலும் இருந்தால் விளக்கு எரியும். இரண்டும் ஒன்றிலேயே இருந்தால் அணையும். தட்டிப் பார்ப்பவருக்கு எல்லாம் சரியாகவே தோன்றும். ஆனால் அணைந்திருக்கும் இரண்டு நிலைகளில் ஒன்றில் ஹோல்டரின் இரு ஊசிகளும் பேஸில் நிற்கின்றன. நாற்காலி மேல் ஏறி, அணைந்த விளக்குதானே என்று பல்பைக் கழற்ற ஹோல்டருக்குள் விரல் விடுபவர் அங்கே உயிரையே பணயம் வைக்கிறார். அதோடு, பேஸும் நியூட்ரலும் ஒரே சிறிய சுவிட்சுக்குள் சில மில்லிமீட்டர் இடைவெளியில் எதிரெதிரே நிற்பதால், தீப்பொறி நீண்டால் குறுக்கிணைப்பும் நேரலாம். அமெரிக்காவில் கார்ட்டர் முறை என்று பெயர் பெற்றிருந்த இந்த ஏற்பாட்டை அந்நாட்டு மின்விதிகள் நெடுங்காலத்துக்கு முன்பே விலக்கிவிட்டன. எந்த நாட்டு வீட்டிலும் இதற்கு இடம் கொடுப்பதற்கில்லை.

தமிழ்நாட்டு நகரங்களில் மிகுதியாகக் காணப்படும் வேறொரு சிக்கல் உண்டு. கீழ்த்தளத்தில் உரிமையாளர், மாடியில் வாடகைக் குடும்பம், இருவருக்கும் தனித்தனி மீட்டர், வெளிப்புறத்தில் பொதுவான படிக்கட்டு என்ற அமைப்பில், படிக்கட்டு விளக்கு யாருடைய மின்சாரத்தில் எரிய வேண்டும் என்பது கட்டும்போது தெளிவாக முடிவு செய்யப்படுவதில்லை. கீழ்ப் போர்டில் பேஸ் எளிதாகக் கிடைக்கிறது, விளக்கு மாடியோரம் இருப்பதால் நியூட்ரல் மாடிச் சுற்றில் எளிதாகக் கிடைக்கிறது. அவசரத்தில் இரண்டும் அப்படியே எடுக்கப்படுகின்றன. விளக்கு எரியும். ஆனால் கசிவு மின்னோட்டத்தைக் கண்டு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்ற பாதுகாப்புக் கருவி, ஒரு சுற்றின் பேஸில் போன மின்னோட்டம் முழுவதும் அதே சுற்றின் நியூட்ரலில் திரும்புகிறதா என்று மட்டுமே பார்க்கிறது. 9 வாட் எல்.இ.டி. விளக்கு 230 வோல்ட்டில் குறைந்தது 39 மில்லி ஆம்பியர் எடுக்கிறது, வீட்டு ஆர்.சி.சி.பி.க்கு 30 மில்லி ஆம்பியரே எல்லை. கீழ்வீட்டுக் கருவிக்குப் போனது திரும்பவில்லை, மேல்வீட்டுக் கருவிக்குப் போகாதது திரும்பி வருகிறது. படிக்கட்டு விளக்கைப் போட்டதும் இரண்டு வீடுகளும் இருளில் மூழ்குகின்றன. காரணம் புரியாமல் ஆர்.சி.சி.பி.யையே கழற்றி எறிந்து நேராக இணைத்துவிடும் கொடுமையும் நடக்கிறது; உயிர்காக்கும் கருவியை, அது உண்மையைச் சொன்ன குற்றத்துக்காகத் தண்டிப்பது இது. ஆர்.சி.சி.பி. இல்லாத வீட்டில் நிலைமை இன்னும் மோசம். மாடிக் குடும்பம் ஊருக்குப் போகும்போது பேஸ், நியூட்ரல் இரண்டையும் துண்டிக்கும் மெயின் சுவிட்சை இறக்கினால், கீழிருந்து வரும் பேஸ் எரியாத விளக்கின் வழியாக நுழைந்து, மாடி வீட்டின் நியூட்ரல் கம்பி முழுவதையும் உயிருள்ளதாக்கிவிடும். மின்சாரத்தை நிறுத்திவிட்டேன் என்று நம்பி அங்கே வேலை செய்யும் வயர்மேன் அந்த நியூட்ரலைத்தான் கையால் பிடிப்பார். மும்முனை இணைப்பில் கீழுக்கு ஒரு பேஸும் மாடிக்கு வேறொரு பேஸும் வந்திருந்து, இரண்டும் படிக்கட்டுப் போர்டில் சந்தித்தால், அங்கே நிற்கும் மின்னழுத்தம் ஏறத்தாழ 400 வோல்ட். படிக்கட்டு விளக்கின் பேஸும் நியூட்ரலும் ஒரே மீட்டரின் ஒரே சுற்றிலிருந்து வர வேண்டும் என்பதற்கு விலக்கே இல்லை. வீட்டார் இருவருக்கும் கணக்கில் மனத்தாங்கல் வருமென்றால் பொதுப் பயன்பாட்டுக்குத் தனி இணைப்பு பெறுவதே நேரான வழி.

உயிருக்கு ஆபத்தில்லாத, ஆனால் அடிக்கடி எரிச்சலூட்டும் பிழைகளையும் ஒற்றை இரட்டைக் கணக்கே காட்டிக்கொடுக்கிறது. "கீழே சுவிட்ச் இப்படி இருந்தால்தான் மேலே வேலை செய்கிறது" என்ற குறை வந்தால், ஏதோ ஒரு சுவிட்சில் காமனில் சேர வேண்டிய கம்பி பக்க முனைக்கும் இடைக்கம்பி காமனுக்கும் போயிருக்கிறது என்று பார்க்காமலே சொல்லிவிடலாம். அப்போது அந்தச் சுவிட்சின் ஒரு நிலையில் பேஸ் அடியோடு அறுந்துபோகிறது. நான்கு நிலைகளில் இரண்டுக்குப் பதில் ஒன்றில் மட்டுமே விளக்கு எரியும். இது முதலில் சொன்ன தொடர் இணைப்பேயன்றி வேறில்லை. இடைநிலைச் சுவிட்சில் உள்வரும் சோடியும் வெளிச்செல்லும் சோடியும் கலந்துவிட்டால், அதன் ஒரு நிலையில் எல்லாம் ஒழுங்காக நடக்கும், மறுநிலையில் கோடிச் சுவிட்சுகள் எதைச் செய்தாலும் விளக்கு எரியவே எரியாது. காமன் எப்போதும் நடுமுனைதான் என்று நம்பி வேலை செய்வது தவறு; எல்லாத் தயாரிப்புகளும் ஒரே வரிசையைக் கடைப்பிடிப்பதில்லை. பொருத்தும் முன் மல்டிமீட்டரின் ஒரு முள்ளை ஒரு முனையில் வைத்து, மற்ற இரு முனைகளோடும் மாறி மாறித் தொடர்பு கிடைப்பது எதற்கோ அதுவே காமன் என்று உறுதிசெய்ய அரை நிமிடம் போதும்.

வயர்மேன்களின் சட்டைப்பையில் இருக்கும் நியான் டெஸ்டர் இந்த வேலையில் ஏமாற்றக் கூடியது. விளக்கு எரியும்போது ஒரு இடைக்கம்பியில் மின்னோட்டம் போகிறது. மற்றது இரு கோடியிலும் எதையும் தொடாமல் தொங்குகிறது. ஆயினும் டெஸ்டரை அதில் வைத்தால் நியான் மங்கலாக ஒளிரக் காணலாம். காரணம், ஒரே பைப்புக்குள் பல மீட்டர் தூரம் ஒட்டிக்கொண்டு ஓடும் இரு கம்பிகளும், நடுவிலுள்ள பி.வி.சி. உறையோடு சேர்ந்து, ஒரு மின்தேக்கியாகவே நடந்துகொள்கின்றன. மாறுதிசை மின்னோட்டம் அந்த இடைவெளியைத் தாண்டிச் சிறிதளவு கசிகிறது. நியானுக்கு அந்தச் சிறிதளவே போதும். இரண்டிலும் வெளிச்சம் வருகிறதே என்று குழம்பாமல், ஹோல்டரில் மாட்டிய சாதாரணக் குண்டு பல்பாகிய டெஸ்ட் லாம்பை வைத்துப் பார்த்தால் உண்மையான பேஸ் மட்டுமே அதை எரிக்கும்.

எல்.இ.டி. விளக்குகள் வந்தபின் படிக்கட்டில் அணைத்த விளக்கு இரவெல்லாம் மங்கலாக மினுங்குவதற்கும், சில நொடிக்கொருமுறை மின்னி மறைவதற்கும் இதே கசிவுதான் காரணம். விளக்கு அணைந்திருக்கும்போது உயிருள்ள இடைக்கம்பியின் பக்கத்தில் ஓடும் மற்ற இடைக்கம்பி விளக்கோடு இணைந்திருக்கிறது. இத்தகைய கம்பிச் சோடியின் மின்தேக்குத்திறன் மீட்டருக்கு 100 பிக்கோஃபாரட் வரை இருக்கலாம். 10 மீட்டர் ஓட்டத்துக்கு 1 நானோஃபாரட் என்று கொண்டால், 230 வோல்ட், 50 ஹெர்ட்சில் ஏறத்தாழ 72 மைக்ரோ ஆம்பியர் கசிகிறது. பழைய குண்டு பல்பின் இழையை இது சூடாக்கக்கூட முடியாது. எல்.இ.டி. விளக்கின் உள்ளிருக்கும் மின்தேக்கியோ அந்தத் துளிகளைச் சிறுகச் சிறுகச் சேர்த்து, நிறைந்தவுடன் ஒரு மின்னலாக வெளியிடுகிறது. பேய், பில்லிசூனியம் என்று அஞ்சுவதற்கு இதில் எதுவும் இல்லை. விளக்கும் சுவிட்சும் கெட்டுப்போகவும் இல்லை. மின்வழங்கலில் நேரே இணைக்கத் தகுதி பெற்ற எக்ஸ்2 வகை மின்தேக்கி ஒன்றை, 0.1 மைக்ரோஃபாரட் அளவில், உரிய மின்தடையோடு விளக்குக்குப் பக்க இணைப்பாகத் தகுதி பெற்ற மின்பணியாளரைக் கொண்டு வைத்தால், விளக்கின் குறுக்கே மிஞ்சும் மின்னழுத்தம் 2 வோல்ட் சுற்றளவுக்கு இறங்கி மினுக்கம் நின்றுவிடும்.

இருவழிச் சுவிட்சின் இன்னொரு பயன் கிடங்குகளில் வழங்கும் குடோன் வயரிங். அதில் நுழைவாயிலில் ஒருவழிச் சுவிட்சும், உள்ளே செல்லச் செல்ல ஒவ்வொரு விளக்கருகிலும் இருவழிச் சுவிட்சும் இருக்கும். நடப்பவர் அடுத்த சுவிட்சைத் தட்டும்போது பின்னால் உள்ள விளக்கு அணைந்து முன்னால் உள்ளது எரியும், திரும்பி வரும்போது அதே வரிசை பின்னோக்கி நடக்கும். எந்நேரமும் ஒரே விளக்குதான் எரிகிறது. இடங்கள் மிகுந்த விடுதி நடைகளில் இடைநிலைச் சுவிட்சுகளைக் கூட்டிக்கொண்டே போவதைவிட, எங்கே அழுத்தினாலும் ஒரே ரிலேயை மாற்றும் அழுத்துபொத்தான்கள் சிக்கனமானவை. ஒற்றையா இரட்டையா என்பதை அங்கே அந்த ஒரு ரிலே நினைவில் வைத்துக்கொள்கிறது.

வீட்டைப் பொறுத்தவரை இவ்வளவு கணக்கும் ஒரு கட்டத்தில் முடிவு செய்யப்பட்டாக வேண்டும். ஸ்லாபுக்குக் கம்பி கட்டி, கான்கிரீட் போடுவதற்கு முன்பு. கீழ்ப் போர்டிலிருந்து மேல் போர்டுக்குப் போகும் பைப் அப்போது வைக்கப்படாவிட்டால், பின்னர் பூசிய சுவரைப் பிளந்தே அதைக் கொண்டுபோக வேண்டியிருக்கும். அமெரிக்க மின்விதிகள் ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட படியுயரங்கள் கொண்ட உட்படிக்கட்டுக்கு ஒவ்வொரு தளத்திலும் சுவிட்ச் வேண்டும் என்று கட்டாயமாக்கியிருக்கின்றன. இந்திய வீடுகளில் இதை வீட்டாரே கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. சுவிட்ச் எங்கே என்பதும் படத்தில் மட்டும் முடிவாகிற காரியம் அன்று. திறந்த கதவுக்குப் பின்னால் மறையும் சுவரிலும், இரண்டு படி ஏறிய பிறகே எட்டும் இடத்திலும் வைத்த சுவிட்ச் இருட்டில் உதவாது. முதல் படியில் கால் வைக்கும் முன்பே, மேலே கடைசிப் படியை விட்டுச் சமதளத்துக்கு வந்தவுடனேயே, அது கைக்குத் தட்டுப்பட வேண்டும். சுவரில் காடி வெட்டுவதற்கு முன் வீட்டின் மூத்தவரை ஒருமுறை ஏறி இறங்கச் சொல்லி, பிடிமானம் தேடும் அவர் கை கீழும் மேலும் எந்த இடத்தில் இயல்பாகச் சுவரைத் தொடுகிறதோ, அந்த இரண்டு இடங்களையும் சாக்பீஸால் குறித்து வயர்மேனிடம் காட்டுவது நல்லது.